சுருளிப்பட்டி வெந்நீர்த் தொட்டி

பகல் கனவு காண்கிறவர்களுக்குக் கடவுள் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறார். கனவு கெட்டுப்போகும்போது பார்த்துச் சிரிப்பதற்கு நாலு பேரைப் பக்கத்திலேயே வைத்திருப்பார். என் விஷயத்தில் அந்த நாலு பேரும் மாமனார் வீட்டு ஆட்களாக அமைந்துவிட்டார்கள்.

கல்யாணமான புதிது. மாமனாருக்குக் கம்பம் கடைத்தெருவில் மளிகைக் கடை. மிளகாய், மல்லி, மஞ்சள், ஏலக்காய் என்று கடைக்குள் நுழைந்தாலே தும்மல் வரும். ஒரே மகளைக் கட்டியவன் என்பதால் கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தார். அந்த ஸ்டூலைக் கண்டாலே நான் தெருப்பக்கம் நழுவிவிடுவேன். சொந்தமாக ஏதாவது செய்யவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். (என்ன செய்ய என்று அப்போது யாராவது என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.)

குமுளியில் ஒரு தங்கும் விடுதியை மூடிவிட்டு, சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுக்கு ஒரு மரக்கட்டில் வாங்கத்தான் போனேன். விடுதிக்குப் பின்புறம், பாக்கு மரங்களுக்கு நடுவில், பாசி பிடித்துக் கிடந்தது அந்த ஹாட் டப். ஆறு பேர் வட்டமாக உட்காரலாம். சுற்றிலும் பக்கவாட்டில் ஓட்டை ஓட்டையாக ஜெட்டுகள். வெந்நீர் அவற்றின் வழியாகப் பீய்ச்சி அடித்து முதுகைப் பிடித்துவிடுமாம். அப்போது அதற்குள் சருகும் ஒரு தவளையும் இருந்தன.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் சருகைத் தள்ளிவிட்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். இருக்கை முதுகுக்கென்றே அளவெடுத்ததுபோல வளைந்திருந்தது. மேலே பாக்கு மரங்கள் மெல்ல ஆடின, மேகம் மலையிலிருந்து இறங்கி வந்து என் முழங்கால்மீது உட்கார்ந்தது. கண்ணை மூடினேன். மலைக்கு மலை, விடுதிக்கு விடுதி, பழைய தொட்டிகளை வாங்கிப் புதிதாக்கி விற்கும் ஒரு பெரிய மனிதர் அந்த மேகத்துக்குள் நடந்து வந்தார். பார்த்தால் அது நான்தான். கண்ணைத் திறந்தபோது தவளை இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலைக்குள் தொட்டி என்னுடையதாகிவிட்டது.

தக்காளி ஏற்றிப் போய்விட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு லாரியில் அதை மலையிறக்கி, சுருளிப்பட்டியில் மாமனாரின் திராட்சைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தேன். பந்தலுக்கு அடியில், மோட்டார் ரூம் பக்கத்தில் இறக்கினோம். மாமனார் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ன மாப்பிள்ள, மாட்டுக்குத் தண்ணி காட்டவா?"

"இல்ல மாமா, மனுசங்க உக்காந்து குளிக்கிறது."

"குளிக்க எதுக்கு உக்காரணும்? இந்தா, அங்கன சுருளி அருவி கொட்டுது. நின்னமா, நனைஞ்சமா, வந்தமான்னு இருக்கணும்."

"அருவித் தண்ணி சுடாதுல்ல மாமா."

மாமனார் திராட்சைக் கொடிகளைப் பார்த்தார். என் மனைவி பூங்கொடியும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இதுக்குள்ள உக்காந்து என்ன செய்வாக?"

"ஒண்ணும் செய்ய மாட்டாக. சும்மா இருப்பாக."

"அப்ப உங்களுக்குன்னே செஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டுக் கீரை பறிக்கப் போய்விட்டாள்.

மாமனார் கெட்டவர் இல்லை. தெளிவாக ஒரு பேச்சுப் பேசினார். "கார்த்திகை முடியுறதுக்குள்ள இதை வித்துருங்க. வித்துட்டா, கடைக்குப் பின்னால இருக்க குடோன் உங்களுக்கு. அங்கன எத்தனை தொட்டி வேணாலும் அடுக்கிக்கங்க. விக்கலைன்னா மார்கழி பிறந்ததும் ஸ்டூல்ல வந்து உக்காந்துறணும். சரியா?" சரி என்றேன். கனவு காண்கிறவனுக்குக் கெடு எப்போதும் தூரத்தில்தான் தெரியும்.

அந்த ஐப்பசியும் கார்த்திகையும் என் வாழ்க்கையின் அழகான நாட்கள். காலையில் பந்தலுக்குள் போனால் இலைகளுக்கு இடையில் வெயில் சில்லறை சில்லறையாகத் தொட்டிமேல் விழுந்து கிடக்கும். மேற்கே மலை நீலமாக இருக்கும். கார் கடையில் வாங்கிய பாலிஷை வைத்து நாளெல்லாம் தேய்ப்பேன். பாசிக்கு அடியில் பழுப்பு, பழுப்புக்கு அடியில் வெள்ளை, வெள்ளைக்கு அடியில் என் முகம் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே ஒரு சாக்கை விரித்துப் படுப்பேன். கணவாயிலிருந்து வரும் காற்று கொடிகளை அசைக்கும். அப்படியே தூங்கிப்போவேன். (வேலையில் பாதி நேரம் தூக்கம்தான் என்று பூங்கொடி சொல்வாள். அது உண்மையல்ல, முக்கால்வாசி.)

தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் ஒரு நாற்றம் மட்டும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் கிணறோ தண்ணீர்த் தொட்டியோ நாறினால் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவோம். நானும் ஊற்றினேன். பார்த்துப் பார்த்து, தாராளமாகவே ஊற்றினேன். பழைய பம்பை ஓடவிட்டுச் சுண்ணாம்புத் தண்ணீரைக் குழாயெல்லாம் சுற்றவிட்டேன். சுற்றிக்கொண்டிருக்கும்போதே பம்பு ஒரு பெருமூச்சு விட்டு நின்றுபோனது. தொட்டியை வடித்து, பளபளவென்று கழுவினேன். பம்பைக் கழற்றி, எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட மெக்கானிக்கிடம் கொடுத்தேன். தொட்டியின் பின்புறம் இருந்த குழாய்களுக்குள் சுண்ணாம்பு தங்கியிருக்குமே என்பது எனக்குத் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடங்களைப் பற்றி நான் எப்போதும் நல்லபடியாகவே நினைப்பவன்.

கார்த்திகைக் கடைசியில், அதே குமுளியிலிருந்து ஒருவர் ஆர்வம் காட்டினார். குரியன் என்று பெயர். புதிதாக விடுதி கட்டிக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே வந்த சாமானை மறுபடி மேலேயே ஏற்றி விற்பது என்ற என் வியாபாரத் தத்துவத்துக்குக் கிடைத்த முதல் பக்தர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அதைத் தாண்டினால் மார்கழி. மார்கழி என்றால் ஸ்டூல்.

சனிக்கிழமை பம்பு வந்தது. பொருத்தினேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பினேன்.

"ஒருக்கா ஓட்டிப் பாத்துருங்க மாப்பிள்ள" என்றார் மாமனார்.

"முத சுவிட்ச அவுக கையால போடட்டும் மாமா. நல்ல நேரம் பாத்து வச்சிருக்கேன்."

புது மோட்டாரோ, புது வண்டியோ, முதல் சாவியை ராசியான கையில் கொடுப்பது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால், முதல் நாளே இரகசியமாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அந்தப் பின்பாதி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஞாயிறு காலையில் போய்ப் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. எங்கோ கசிவு. எங்கே என்று தெரியவில்லை. போனில் ஒரு வெள்ளைக்காரர் தண்ணீரில் சாயத்தை விட்டு, அது எந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது என்று பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் வீடியோ பார்த்திருந்தேன். விடிகாலையில் சாயத்துக்கு எங்கே போவது? மாமனார் வீட்டில் எப்போதும் இருக்கும் சரக்கு மஞ்சள். ஒரு பை நிறையக் கொண்டுவந்தேன்.

ஒரு கரண்டி மஞ்சள் போட்டதுமே அது மெல்லிய நூலாக நெளிந்து நெளிந்து வடிகால் மூடியின் ஓரத்துக்குப் போனது. கண்டுபிடித்துவிட்டேன்! மூடியை இறுக்கி, பசை வைத்து அடைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் பை கை தவறி முழுவதும் தொட்டிக்குள் கவிழ்ந்தது. தண்ணீர் பொன்னாக மாறியது.

வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். நான் ரசித்தேன். மலைமேல் இதைத்தானே மூலிகைக் குளியல் என்று விற்கிறார்கள்? ஆவி பறந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று, கல்யாண வீட்டு அண்டா ஒன்றை விறகடுப்பில் ஏற்றி, கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். உலகத்திலேயே வெந்நீர்த் தொட்டிக்கு விறகடுப்பில் வெந்நீர் போட்டவன் நானாகத்தான் இருப்பேன். மேலே கொஞ்சம் பன்னீர் ரோஜா இதழ்கள். கார்த்திகைப் பனியும் ஆவியும் பந்தலுக்குள் ஒன்றாகக் கலந்தன. குமுளியில் கண்ட கனவு அப்படியே எதிரில் மிதந்துகொண்டிருந்தது.

குரியன் வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கொள்ளாமல்லோ!" என்றார். நன்றாக இருக்கிறதே என்று அர்த்தம். மாமனார் முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார். கடைக்குப் பின்னால் இருந்த குடோனின் கதவு திறக்கும் சத்தம் என் காதில் கேட்டது.

"நல்ல நேரம் சார். உங்க கையாலயே போடுங்க" என்று சுவிட்சைக் காட்டினேன்.

போட்டார். பம்பு ஒருமுறை கனைத்தது. பிறகு ஒவ்வொரு ஜெட்டிலிருந்தும் அத்தனை நாள் குழாய்க்குள் தவம் கிடந்த சுண்ணாம்பு வெளியே பீய்ச்சியது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். கல்யாணத்தன்று எனக்கே அதைத்தான் கரைத்துச் சுற்றினார்கள்.

மஞ்சள் தண்ணீருக்குள் சிவப்பு ரிப்பன்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் விரிந்தன. நடுவில் கூடின, சுழன்றன. ஆவிக்கும் ரோஜா இதழ்களுக்கும் அடியில் தொட்டி முழுவதும் மெல்ல மெல்லச் செக்கச்செவேலென்று ஆனது. உள்ளதைச் சொல்கிறேன், அவ்வளவு அழகான காட்சியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. விற்பனை, குடோன், ஸ்டூல் எல்லாம் மறந்து வாயைப் பிளந்து நின்றேன். அப்போது மேல்வரிசை ஜெட் ஒன்றின் பீய்ச்சல் தண்ணீருக்கு மேலே எம்பி, குரியனின் வேட்டியில் இடுப்பு முதல் கணுக்கால் வரை அடித்தது.

"அய்யோ! எந்தா இது? ரத்தமோ?"

மாமனார் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். நான் சுவிட்சை அணைக்க ஓடி, விறகில் தடுக்கி, அண்டாவைப் பிடித்து, அண்டாவோடு உருண்டேன். பூங்கொடிதான் முன்னால் வந்தாள். பதற்றமே இல்லாமல் தொட்டிக்குள் விரலை நனைத்து, குரியனின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"ஒண்ணுமில்ல சார், ஆரத்தி. மொத மொதலா எங்க தோட்டத்துக்கு வர்றீக. சும்மா எப்டிக் கூப்பிடுறது?"

குரியன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார்.

"இத்தறையுமா?" என்றார். இவ்வளவுமா என்று கேட்டார்.

"பெரிய மனுசருக்குப் பெரிய ஆரத்தி" என்றாள் பூங்கொடி.

முதலில் சிரித்தது மாமனார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மூட்டை சரிந்ததுபோல மொத்தமாகச் சிரித்தார். குரியனும் சிரித்தார். ஆரத்தி எடுத்தால் தட்டில் காசு போடவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தட்டு இல்லாததால் சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தொட்டிக்குள் போட்டார். அது சிவப்புக்குள் மூழ்கும்வரை எல்லோரும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தொட்டியால் எனக்கு வந்த மொத்த வருமானம் அதுதான்.

தொட்டியை அவர் வாங்கவில்லை. வடித்துப் பார்த்தபோது உள்ளே முழுக்க மஞ்சள் ஏறியிருந்தது. நல்ல வெயிலில் காய்ந்தால்தான் மஞ்சள் கறை வெளுக்கும், பந்தல் நிழலில் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஆனால் குரியன் கிளம்பும்போது விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, மாமனாரிடம் கேட்டார்.

"மஞ்சள் ஒண்ணாந் தரமாயிருக்கே. எவிடே கிட்டும்?"

"நம்ம கடைலதான்" என்றார் மாமனார். அன்றே குரியன் தன் விடுதிச் சமையலுக்கு மஞ்சளும் மற்ற சாமான்களும் எங்கள் கடையில் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை வாங்குகிறார்.

மார்கழி முதல் தேதி நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நினைத்த அளவுக்கு மோசமாக இல்லை. புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் மாமனார் என்னைக் காட்டி, "எங்க மாப்பிள்ள ஒரு தொட்டித் தண்ணில கரைச்சுக் காட்டுன மஞ்சள்" என்று சொல்லித்தான் பொட்டலம் மடிப்பார். நானும் தலையாட்டுவேன். வேறு என்ன செய்வது?

தொட்டி இன்னும் பந்தலுக்கு அடியில்தான் இருக்கிறது. தவளைகள் திரும்பி வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை அடைத்த பிறகு போய் அதற்குள் சாக்கை விரித்துப் படுக்கிறேன். மஞ்சள் நிறத்தில் வெயில் விழுந்து, உள்ளே படுத்திருப்பவனையும் பொன்னாக்கும். மேற்கே மலையில் மேகம் இறங்கும். பெரிய மனிதர் யாரும் அதிலிருந்து நடந்து வருவதில்லை. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே கிடப்பேன்.

உறவில் எந்த வீட்டில் பெண் மாப்பிள்ளை வாசலுக்கு வந்தாலும், உள்ளேயிருந்து யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: "ஆரத்தி தட்டுலயா, தொட்டிலயா?" போன மாதம் பூங்கொடியின் சித்தி மகன் கல்யாணம். வாசலில் பன்னீர் தெளிக்க என்னை நிறுத்தியிருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் என்னைப் பார்த்ததும் நின்று, சட்டைப்பையைத் துழாவி, என் கையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். கடைசியாக வந்தவர் குரியன். அவர் அன்றைக்குக் காவி வேட்டி கட்டியிருந்தார்.