ஐந்து மணிப் பாட்டும் நானூறு எழுத்தும்

ஐம்பத்திரண்டு வருடங்களாக ஹமானே தினசரியை ஒரு வரி விடாமல் படித்துவருபவள் இந்த ஷியோதா ஊரில் நான் ஒருத்திதான். இதில் கொஞ்சம் மிகை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பங்குச் சந்தைப் பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. பேஸ்பால் பக்கத்தில் மீன் சுற்றுவேன். தலையங்கத்தை எழுதியவரைத் தவிர வேறு யாராவது படிக்கிறார்களா என்பதே சந்தேகம். அப்புறம் என்னதான் படித்தாய் என்று கேட்பீர்கள். யார் யார் செத்தார்கள் என்ற பத்தியையும், இன்னும் சாகாதவர்கள் என்ன கருத்துச் சொல்கிறார்கள் என்ற பக்கத்தையும் படித்தேன். போதாதா?

இந்தக் கருத்துப் பக்கத்துக்குக் ‘கடற்காற்று’ என்று பெயர். அந்தக் காற்றை மட்டுமே சுவாசித்து உயிர்வாழும் மனித இனம் ஒன்று உண்டு. ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவர். விடிவதற்குள் வாசலில் செருப்போடு நின்று, பத்திரிகை போடுகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுப்பார். வந்ததும் முதல் பக்கத்தில் பிரதமர் ராஜினாமா செய்திருந்தாலும் அதைப் புரட்டித் தள்ளிவிட்டு ஏழாம் பக்கத்துக்குப் போவார். அங்கே தம் பெயர் இருந்தால் நாட்டின் நிலைமை பரவாயில்லை என்று பெருமூச்சு விடுவார், இல்லாவிட்டால் பத்திரிகைகளின் தரம் வீழ்ந்துவிட்டது என்று மிசோ சூப்பை ஆறவிடுவார். எல்லா ஊரிலும் இருக்கிறார். எங்கள் ஊரில் அவர் பெயர் நெமோட்டோ ஷிகேயோஷி.

நிலப் பதிவு அலுவலகத்தில் துணைப் பிரிவுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கடிதத்தின் கீழே பெயர், வயது, தொழில் மூன்றையும் பத்திரிகை போட்டுவிடும். அவருடைய வாழ்க்கையின் ஒரே மனக்குறை அந்த மூன்றாவதுதான். ‘சிந்தனையாளர்’ என்று எழுதி அனுப்புவார். ‘வேலை இல்லாதவர்’ என்று அச்சாகும். ‘முன்னாள் அதிகாரி’ என்று அனுப்புவார். ‘வேலை இல்லாதவர்.’ ஒரு முறை தொழில் என்ற இடத்தில் ‘ஓயாத உழைப்பு’ என்று எழுதினார். என்ன அச்சானது என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆனால் அந்த வேலை இல்லாதவர்தான் ஊரை ஆண்டார். மேயர் இகராஷி காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கடற்காற்றைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டிவிடுவார். நோட்டின் அட்டையில் ‘மக்கள் குரல்’ என்று எழுதியிருக்கும். கோயில் முன்னால் ஒரு குழி என்று நெமோட்டோ எழுதினால் மூன்றாம் நாள் குழி இருக்காது. நகராட்சி லிஃப்ட் மெதுவாகப் போகிறது என்று எழுதினார். அன்றிலிருந்து மேயர் படியேறுகிறார், லிஃப்ட்டைப் பார்த்தால் தலை குனிந்துகொள்கிறார். வாத்துகள் சாலையைக் கடக்கச் சிரமப்படுவதாக எழுதினார்; வாத்து படம் போட்ட பலகை வந்தது. வாத்துகள் வரவே இல்லை. தேர்தல் வந்தால் மற்ற வீடுகளில் வேட்பாளர்கள் ஆதரவு கேட்பார்கள். நெமோட்டோ வீட்டு வாசலில் மட்டும் இடுப்பு ஒடியக் குனிந்து, “எங்களைப் பத்தி ஒண்ணும் எழுதாம இருந்தீங்கன்னா பெரிய உதவி” என்பார்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஓர் எதிரி இருந்தது. ஐந்து மணிப் பாட்டு.

பேரலை வந்தால் எச்சரிக்க ஊர் முழுக்க ஒலிபெருக்கிக் கம்பங்கள் நிற்கின்றன. அவை கெட்டுப்போகவில்லை என்று தெரிந்துகொள்ளத் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒரு பழைய குழந்தைப் பாட்டின் இசையைப் போடுவார்கள். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். கடையில் ஷட்டர் இறங்கும். நெமோட்டோவின் மனைவி மசுயோ அரிசி களைவாள். நெமோட்டோவுக்கோ, நாளெல்லாம் பிடிகொடுக்காத அந்த ஒரு மகத்தான வாக்கியம் சரியாக நான்கு ஐம்பத்தெட்டுக்குத்தான் வரும். பேனாவைத் தாளில் வைப்பார். பாட்டு தொடங்கும். வாக்கியம் ஓடிவிடும்.

நவம்பர் மூன்றாம் தேதி அவர் கடிதம் வந்தது. ‘கடற்காற்று தாலாட்டும் இம்மண்ணில் நாற்பத்தாறு ஆண்டுகள் வேரூன்றி வாழும் எளியவனாகிய நான்’ என்று தொடங்கி, சிந்திக்கும் உரிமையைப் பாட்டு பறிக்கிறது, நிறுத்துக என்று, பத்திரிகை அனுமதிக்கும் நானூறு எழுத்துக்குள் முடிந்தது. மேயர் பல் துலக்காமலே தொலைபேசியை எடுத்தார். பாட்டை நிறுத்துவது பற்றி மாதக் கடைசியில் நகரசபை ஓட்டெடுக்கும் என்று அறிவிப்பு வந்தது.

ஒரு கடிதம் போதுமா? ஊரே பொங்கி எழுந்ததுபோல் இருக்க வேண்டாமா? ஆனால் பத்திரிகைக்கு ஒரு விதி உண்டு: ஒருவருக்கு மாதம் ஒரு கடிதம்தான். நெமோட்டோ அன்றைக்கே இன்னும் மூன்று எழுதினார். ஒன்றில் மனைவி பெயர், ஒன்றில் மைத்துனன் குன்ஜி பெயர், ஒன்றில் முடிதிருத்துபவர் உராபே பெயர்.

“பத்திரிகை ஆபீஸ்லருந்து ஒச்சியாய்னு ஒரு அம்மா போன் பண்ணுவாங்க,” என்றார் மனைவியிடம். “‘நீங்கதான் எழுதினீங்களா, திருத்தம் உண்டா’ன்னு கேப்பாங்க. ஆமா, இல்ல. அவ்வளவுதான் பேச்சு.”

“பாட்டை நிறுத்தணும்னா எழுதியிருக்கீங்க, என் பேர்ல?”

“உன் நல்லதுக்குத்தான்.”

“எனக்கே தெரியாம எனக்கு ஒரு கருத்து வந்திருக்கு பாருங்க,” என்றாள் மசுயோ. முள்ளங்கி நறுக்கப் போய்விட்டாள்.

போன் வந்தது. நெமோட்டோ பக்கத்து அறையில் கதவைக் கால் அங்குலம் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஆமாங்க, எங்க வீட்டுலருந்துதான் வந்தது,” என்றாள் மசுயோ. “திருத்தமா? ஒண்ணே ஒண்ணு இருக்குங்க. முதல் வரி ரொம்ப நல்லாருக்கு, அது இருக்கட்டும். மத்ததை மாத்திக்கிறீங்களா? பாட்டை நிறுத்தக் கூடாதுங்க. எங்க வீட்டுக்காரர் காலைல எந்திரிச்சதுலருந்து ஊருக்காகக் கவலைப்படுறாரு. அஞ்சு மணிக்கு அது கேட்டாத்தான் பேனாவை வைக்கிறாரு. அதுக்கப்புறம்தான் எனக்குப் பேச ஆள். ஆமாங்க, அப்படியே போட்டுக்கோங்க.”

நெமோட்டோ என்ன செய்வார்? அது என் கடிதம் என்று கத்தினால், விதியை மீறியவர் என்று நாளைக்கே அச்சாகும். கதவைச் சத்தமில்லாமல் மூடினார்.

மைத்துனனிடம் போனார். அதற்குள் ஒச்சியாய் அம்மாள் அவனோடு பேசி முடித்திருந்தார்.

“மச்சான், எழுதினது நான்தான்னு சத்தியமே பண்ணிட்டேன்,” என்றான் குன்ஜி. “கருத்தை மட்டும் கொஞ்சம் திருப்பி வெச்சேன். என் நாய்க்கு அந்தப் பாட்டு வந்தாத்தான் நடக்கப் போகணும்னு தெரியும். நாயோட நான் எப்படிங்க சண்டை போடுறது?”

உராபேயோ சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டே, அதுவும் நெமோட்டோவின் கழுத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சொன்னார்: “ஐயா, பாட்டு போட்டாத்தான் நான் கடையைச் சாத்த முடியும். இல்லன்னா ரிட்டையர் ஆனவங்க எந்திரிக்க மாட்டேங்குறாங்க. உங்களைச் சொல்லல.”

மூன்றும் அச்சாயின. மூன்றும் ‘கடற்காற்று தாலாட்டும் இம்மண்ணில் நாற்பத்தாறு ஆண்டுகள் வேரூன்றி வாழும்’ என்றே தொடங்கின. குன்ஜிக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. யாரும் கவனிக்கவில்லை. மேயர் மட்டும் நான்கையும் அடுத்தடுத்து ஒட்டிவிட்டுக் கண் கலங்கினாராம். “ஊரே ஒரே குரல்ல பேசுது,” என்றாராம்.

நகரசபை கூடியது. கடிதக் கணக்குப்படி பாட்டுக்கு ஆதரவு மூன்று, எதிர்ப்பு ஒன்று, பாட்டு தொடரும். ஆனால் எதிர்த்தவரையும் மதிக்க வேண்டாமா? இரண்டரை மணி நேரம் விவாதித்தார்கள். முடிவு டிசம்பர் முதல் தேதி நான்கு ஐம்பத்தெட்டுக்கு எல்லாக் கம்பங்களிலிருந்தும் இனிமையான பெண் குரலில் வந்தது: “இன்னும் இரண்டு நிமிடங்களில் பாட்டு ஒலிக்கும். எழுதிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் வாக்கியத்தை முடித்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

துறைமுகத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பதினோராயிரம் பேர் இருக்கும் ஊரில் அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் ஒரே ஒருவர். அவருக்கும் இப்போது வாக்கியத்தைக் கெடுக்கப் பாட்டு தேவைப்படவில்லை, அறிவிப்பே போதுமானதாக இருந்தது.

தோற்றுவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இந்த இனம் உங்களுக்குப் புரியவில்லை. அன்று மாலை நெமோட்டோ தம் ஒட்டு நோட்டைத் திறந்தார். நான்கு கடிதங்களையும் ஒட்டினார். ஒரே மாதத்தில் நான்கு. ஹமானே தினசரியின் வரலாற்றிலேயே இல்லாத சாதனை. மூன்று தம்மையே எதிர்த்தன என்பது சின்ன விஷயம். முதல் வரி அவருடையதுதானே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று காலை பத்திரிகையில் எந்தப் பக்கத்தை முதலில் திறந்தீர்கள்? தெருவில் ஏதோ ஒன்றைப் பார்த்து, இதை யாராவது எழுதக் கூடாதா என்று மனசுக்குள் முனகவில்லையா? அந்த முனகலில் முதல் வரி கொஞ்சம் அலங்காரமாக வந்து விழவில்லையா? ஜாக்கிரதை. உங்கள் பெயருக்குக் கீழேயும் ஒரு வயதும் ஒரு தொழிலும் அச்சாகக் காத்திருக்கின்றன.

நெமோட்டோ இன்றுவரை ஐந்து மணியானால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு முறைத்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதி முடிக்கப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்து எனக்கும் சேர்த்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மசுயோ தாளை இழுத்துப் படித்தாள்.

“பஞ்சாவது ஒண்ணாவது,” என்றாள். “நேத்து பாட்டு மூணு நிமிஷம் லேட்டு. நகராட்சிக்கு முதல் போன் இவரோடதுதான். பாட்டு நேரத்துக்கு வரணும்னு கடிதமும் எழுதியாச்சு. அவர் பேரு இந்த மாசத்துக்கு முடிஞ்சுபோச்சு, அதனால உங்க பேர்ல அனுப்பியிருக்காரு. ஒச்சியாய் அம்மா போன் பண்ணா ஆமான்னு சொல்லிடுங்கக்கா.”

“என் பேர்லயா? முதல் வரி என்ன?”

“‘ஐம்பத்திரண்டு ஆண்டுகளாக ஒரு வரி விடாமல் இப்பத்திரிகையைப் படித்துவரும் நான்’னு எழுதியிருந்தாரு. அனுப்புறதுக்கு முன்னாடி அதை மட்டும் நான் திருத்திட்டேன். கடைசிப் பதிமூணு வருஷமா நீங்க படிக்கிறது எங்க வீட்டுப் பத்திரிகைதான், அக்கா. அதுவும் ஒரு நாள் பழசு.”