குறட்டைச் சித்தரின் அமாவாசை தரிசனம்

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஓடாத ரைஸ் மில் ஒன்று இருக்கிறது. அமாவாசை வந்தால் அதன் களத்தில் பந்தல், நாலு மூலையிலும் ஸ்பீக்கர், நிற்க இடமில்லாத கூட்டம். மேடையில் குறட்டைச் சித்தர்! சிரிக்காதீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள்கூட வாட்ஸ்அப்பில் அவருக்குக் குறட்டை அனுப்புகிறார்கள்.

ஆமாம், குறட்டைதான். சித்தர் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். நடுவில் மூச்சு நிற்கிறதா? அந்த இடத்தில்தான் செத்துப்போன முன்னோர் நெஞ்சில் ஏறி உட்காருகிறாராம். அரிசி மூட்டை, பட்டு வேட்டி, பித்தளை அண்டா கொடுத்தால் இறங்கிவிடுவாராம். செத்தவருக்கு எதற்கய்யா அண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை.

பரணிதரனும் கேட்கவில்லை. அறுவடை மெஷின் வைத்திருப்பவர், வயது நாற்பத்தாறு. அவருடைய அப்பா துரைராசு ஐம்பதைத் தொடாமலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனார். பெரியப்பாவும் அப்படியே. பரணி தூங்கினால் வீடு அதிரும். திடீரென்று மூச்சு நின்று, திணறி, மறுபடி கிளம்பும். “நல்லா அசந்து தூங்குறான்” என்று சொந்தக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள். அட கொடுமையே!

மனைவி குந்தவை அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“ரத்தக்குழாய் அடைக்கிற வாகு உங்க குடும்பத்துல இருக்கு. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா பிரஷர் ஏறி, குழாய் இன்னும் கெடும். மாத்திரையை விடாதீங்க. தூக்கத்துக்கு ஒரு டெஸ்ட் எடுங்க” என்றார் டாக்டரம்மா.

பரணி மாத்திரையைச் சித்தர் காலடியில் வைத்துவிட்டு, தாயத்தோடு வீட்டுக்கு வந்தார்.

“மாத்திரை போட்டா அப்பா கோவிச்சுக்குவாராம்.”

“உயிரோட இருந்தப்ப ஒரு நாளாவது அவரு பேச்சைக் கேட்டிருக்கீங்களா?” என்றாள் குந்தவை. இரண்டு பிள்ளைகளையும் இந்த மனுஷனையும் நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த அமாவாசைக்குப் புதுக் குறட்டை அனுப்ப வேண்டும். “நான் அனுப்பிடுறேங்க” என்று குந்தவை பொறுப்பை வாங்கிக்கொண்டாள். அனுப்பியும் விட்டாள்.

அன்று ஸ்பீக்கரில் கொர்ர்ர்ரென்று கிளம்பியது. நின்றது. களக்... களக்... மறுபடி கொர்ர்ர்ர்! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சித்தருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

“துரைராசுதான்! தண்ணி தண்ணின்னு தவிக்கிறாரு! மகனே, உன் நெஞ்சுலதான் உக்காந்திருக்காரு!”

பரணி அழுதார். குந்தவை எழுந்தாள்.

“நல்லாக் கேட்டுச் சொல்லுங்க சாமி. என் மாமனார்தானா?”

“அமாவாசை மேல சத்தியம்!”

“அப்ப இந்த வீடியோவையும் பாத்துருங்க” என்று அவள் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

அதற்குள் முன்வரிசையிலிருந்து காத்தான் துள்ளி எழுந்தார். அவளுக்குப் பக்கத்து வயல்காரர்.

“யோவ், இது என் போர் மோட்டாருய்யா! ஒரு வாரமா தண்ணி ஏறாம காத்து வாங்குது!”

வீடியோவில் மோட்டாரேதான்! பொழுது விடிந்தால் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிற சனங்கள் இவர்கள். அந்தச் சத்தத்துக்குத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சித்தர் அசரவில்லை. “பித்ரு மோட்டாருக்குள்ளயும் இறங்குவாரு!”

“அப்படின்னா மோட்டாருக்கு ஒரு தாயத்தைக் கட்டுங்க சாமி! சாயங்காலத்துக்குள்ள தண்ணி வரணும், நாத்து காயுது!” என்றார் காத்தான்.

களமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு அம்மா மேடையேறித் தன் அண்டாவைத் தூக்கிக்கொண்டாள். அப்புறம் மேடையில் அண்டாவும் இல்லை, சித்தரும் இல்லை.

பரணி வீட்டுக்கு வரும் வழியிலேயே தாயத்தைக் கழற்றினார். வாசலில் நின்று, “அந்த டெஸ்ட் எங்க எடுக்கணும்?” என்றார்.

எடுத்தார்கள். தூக்கத்தில் மூச்சு எத்தனையோ முறை நின்றிருந்தது, கொழுப்பும் ஏறியிருந்தது. இப்போது மாத்திரை உண்டு, படுக்கும்போது மூக்கில் காற்று கொடுக்கும் மெஷினும் உண்டு. குந்தவை நிம்மதியாகத் தூங்குகிறாள்.

அப்பன் விட்டுப்போன நிலத்துக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாம் நாலு ஆபீஸ் ஏறிச் சரிபார்க்கிறோமே, அதே அப்பன் விட்டுப்போன நெஞ்சை ஒரு தடவை சரிபார்க்க ஏனய்யா சாமியாரைத் தேடுகிறோம்?