டெட்வைலரைத் தோற்கடித்த டெட்வைலர்

நெப்ராஸ்காவின் வில்கோட் கல்லூரியில், நிர்வாக வசதியை முன்னிட்டு, கால்பந்துப் பயிற்சியாளர், விளையாட்டுத் துறை இயக்குநர் ஆகிய இரு பதவிகளையும் ஹார்லன் டெட்வைலர் ஒருவரே வகித்துவந்தார். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்தக் கால்பந்து. பயிற்சியாளர் விடுப்புக் கேட்டு எழுதுவார்; இயக்குநர் தீர விசாரித்து மறுப்பார். அவ்வளவு கண்டிப்பு.

அக்டோபரில் பழைய மாணவர் விழா. அன்றைக்கு நோஞ்சான் அணியாகப் பார்த்து அழைத்து, வந்தவர்கள் கண்குளிர ஜெயித்துக் காட்டுவது எல்லாக் கல்லூரிக்கும் வழக்கம். டெட்வைலர் தான் வந்ததிலிருந்து நடந்த ஒன்பது விழாவிலும் தோற்றிருந்தார். பழைய மாணவர் சங்கத் தலைவர் ரூப், டிராக்டர் வியாபாரி, நேரிலேயே வந்துவிட்டார்.

"இந்தத் தடவையும் தோத்தா மூட்டையைக் கட்டிக்குங்க கோச்."

ஐம்பத்தெட்டு வயதில் டெட்வைலர் வேறு எங்கே போவது? தன் அணியைவிட மட்டமான அணியைத் தேடிப் பதினான்கு கல்லூரிகளுக்குப் போன் போட்டார்.

"எங்க விழாவுக்கு ஆட வர்றீங்களா?"

"அட, நானே உங்களைக் கூப்பிடணும்னு இருந்தேன்! நீங்க வந்தாத்தானே எங்க விழா களைகட்டும்?"

பதினான்கு பேரும் இதையே சொன்னார்கள். என்ன மரியாதை பாருங்கள்!

விதிப்புத்தகத்தைப் புரட்டினார். எதிரணி வேறு கல்லூரியாக இருக்கவேண்டும் என்று எங்குமே இல்லை. 'வில்கோட் முதல் அணிக்கும் வில்கோட் இரண்டாம் அணிக்கும் ஆட்டம்' என்று சுற்றறிக்கை விட்டார். இரண்டுக்கும் பயிற்சியாளர் அவரேதான், வேறு ஆள் ஏது? காலையில் முதல் அணிக்குத் திட்டம் சொல்லிக்கொடுத்தார். மாலையில் அதை முறியடிக்கும் வழியை இரண்டாம் அணிக்குச் சொல்லிக்கொடுத்தார். மனுஷனிடம் ஓரவஞ்சனை கிடையாது.

இருபத்தேழுக்கு மூன்று என்று இரண்டாம் அணி வென்றது. மைதானம் அதிர்ந்தது. ரூப் தேம்பித் தேம்பி அழுதார்.

"ஜெயிச்சுட்டோம்! பத்து வருஷத்துல முதல் தடவையா ஜெயிச்சுட்டோம்!" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஆனா தோத்ததும் தோத்ததுதான். நான் சொன்ன சொல் மாறமாட்டேன். கோச்சை அனுப்பிடுங்க."

"எந்தக் கோச்சை?" என்று கேட்டார் இயக்குநர் டெட்வைலர்.

"தோத்தவரை."

இயக்குநர் டெட்வைலர் பதவிநீக்க உத்தரவில் கையெழுத்திட்டார். பயிற்சியாளர் டெட்வைலர் அதை வாங்கிக்கொண்டார். பெற்றுக்கொண்டதற்கு அதே பேனாவால் கையெழுத்தும் போட்டார்.

"அப்ப அந்த இடத்துக்கு யாரு?" என்றார் இயக்குநர்.

"இதுல என்னய்யா யோசனை? நம்மளை இந்த அடி அடிச்சாரே, எதிரணி கோச், அவரைப் போடுங்க. வேற காலேஜ் கொத்திக்கிட்டுப் போறதுக்குள்ள!"

தீர்மானம் அங்கேயே ஏகமனதாக நிறைவேறியது. ஊரே எழுந்து நின்று கைதட்டியது. ரூப் ஓடிவந்து டெட்வைலரைக் கட்டிக்கொண்டார்.

"ஒன்பது வருஷமா ஒரு தண்டத்தை வச்சுக்கிட்டு மாரடிச்சோம் சார். நீங்க முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"