தீட்சிதர் சந்தில் ஒன்றரை அடி

மயிலாப்பூர் கேசவ தீட்சிதர் சந்துக்குப் புதிய சாக்கடைக் குழாய் போடுவது என்று 1994-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானித்தவர்கள் நல்ல மனதோடுதான் தீர்மானித்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கெட்டவர் யாரும் கிடையாது. ஒருவர் இருந்திருந்தால் அவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட்டு வேலையை முடித்திருக்கலாம்.

சாக்கடைக்குப் போடுவது சுட்ட களிமண் குழாய். ஒரு முனையில் அகலமான வாய் இருக்கும், மறுமுனை ஒடுங்கிய வால். ஒன்றின் வாலை இன்னொன்றின் வாயில் செருகி, இடுக்கில் தாரில் தோய்த்த சணலைத் திணித்து, மேலே சிமெண்டைப் பூசிவிட்டால் நம் காலத்துக்கும் பிள்ளைகள் காலத்துக்கும் தாங்கும். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வாய் பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. படித்ததால்தான் வம்பு வந்தது.

சந்து மொத்தம் ஒரு பர்லாங்குகூட இல்லை. ஆனாலும் அது நகரக் கழிவோட்ட வாரியத்தின் இரண்டு அலுவலகங்களுக்குச் சொந்தம். கிழக்குப் பாதி கிழக்கு அலுவலகத்துக்கு, மேற்குப் பாதி மேற்கு அலுவலகத்துக்கு. எல்லைக்கோடு இருபத்திரண்டாம் எண் வீட்டு கேட்டின் இடது தூண். அந்த வீட்டுக்காரர்தான் ஸ்ரீரங்கன். ஏதோ ஓர் அரசுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருஷம் கடிதம் எழுதியே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்றது அவர்தான், பேனா ஓய்வு பெறவில்லை. பால் தண்ணியாக இருந்தால் பால்காரரிடம் சொல்லமாட்டார், எழுதுவார். கீழே 'நகல்' என்று போட்டு மூன்று பேருக்கு அனுப்புவார்.

கிழக்குப் பாதி வேலையை உதவிப் பொறியாளர் ராம்குமார் புத்தகத்தில் உள்ளபடி முடித்தார். தண்ணீர் மேற்கிலிருந்து வரவேண்டும், ஆகவே எல்லாக் குழாயின் வாயும் மேற்கே பார்த்தது. கடைசிக் குழாய் ஸ்ரீரங்கன் வீட்டுத் தூணருகே வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மேற்குப் பாதி செயற்பொறியாளர் கனகராஜின் பொறுப்பு. அந்த வருஷம் ஊருக்குள் வாஸ்து சாஸ்திரம் மெட்ராஸ் ஐ மாதிரி பரவிக்கொண்டிருந்தது. ஒருவர் இன்னொருவரைப் பார்த்தாலே போதும், தொற்றிக்கொண்டது. நன்றாக இருந்த சமையலறையை இடித்துப் படுக்கையறை ஆக்கினார்கள், படுக்கையறையில் மீன் தொட்டி வைத்தார்கள். கனகராஜுக்கும் தொற்றியது. மேற்கே பார்த்த வாய் குடியைக் கெடுக்கும் என்று அவருடைய வாஸ்து நிபுணர் சொல்லிவிட்டார். ஆகவே மேற்கு அலுவலகத்தின் அத்தனை குழாய்களும் மங்களகரமாகக் கிழக்கு நோக்கிப் பதிக்கப்பட்டன.

முடிவில், ஸ்ரீரங்கன் வீட்டு வாசலில் வெட்டிய பள்ளத்துக்குள் இரண்டு வாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. நடுவே ஒன்றரை அடி இடைவெளி. வால் எந்தப் பக்கமும் இல்லை. வேலை இரு தரப்பிலும் நூறு சதவீதம் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

கிழக்குப் பாதி வீடுகளுக்கு இணைப்பு வந்தது. மேற்குப் பாதியில் பழைய குழாயைப் பிடுங்கியாயிற்று, புதியது எங்கேயும் போய்ச் சேரவில்லை. ஸ்ரீரங்கன் வீட்டையும் சேர்த்து இருபத்தோரு வீடுகளின் கழிப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

மூன்றாம் நாள் ஸ்ரீரங்கனின் மனைவி ஜானு பெட்டியைக் கட்டினாள்.

"ஏன்னா, நான் கோட்டூர்புரத்துல எங்கண்ணா ஆத்துக்குப் போறேன். ரெண்டு குழாயும் ஒட்டிண்டப்பறம் போன் பண்ணுங்கோ."

"ரெண்டே நாள் பொறுத்துக்கோ ஜானு. ஒரு லெட்டர் போட்டிருக்கேன்."

"லெட்டர் போட்டேளா? அப்போ குளிருக்குப் போத்திக்கிறதையும் எடுத்து வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கோடை நடுவில் ஒரு சால்வையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போனாள்.

ஸ்ரீரங்கனுக்கு அது சுருக்கென்று தைத்தது. முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் இப்படிப் போனதில்லை. மறுநாள் விடிகாலை ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு கிழக்குப் பாதியில் ஏழாம் எண் வீட்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். பையன் நியூஜெர்சியில் இருந்தான். நேற்றுவரை அந்தப் பையனைப் பற்றிக் கேட்க ஆளில்லை. இன்று வாசலில் ஆறு பேர் வாளியோடு நின்றார்கள். முதலில் ஆல்பம், பிறகுதான் கழிப்பறைச் சாவி. நயாகராவுக்கு முன்னால் பையன் நிற்கிற படத்தை ஸ்ரீரங்கன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அவர் அன்று இருந்த நிலைமையில் அருவிப் படத்தைக் காட்டியிருக்க வேண்டாம்.

அன்று பத்து மணிக்குப் பள்ளத்தில் ஒருவர் இறங்கி நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். வாரியத்தின் குழாய் இணைக்கும் மேஸ்திரி ஹபீபுர் ரஹ்மான். இருபது வருஷ சர்வீஸ்.

"இன்னா சாரு, ரெண்டு வாய எதிரெதிர வெச்சிக்கினு கீறானுங்க? பேசிக்கப் போறானுங்களா?"

"இதை ஒட்டவே முடியாதா மேஸ்திரி?"

"யாரு சொன்னது? ஒரு பைப்ப எட்த்து வாய அறுத்துட்டா ரெண்டு பக்கமும் வாலு. இந்த வாய்ல ஒண்ணு, அந்த வாய்ல ஒண்ணு. சணல அட்ச்சி சிமிட்டி பூசுனா மேட்டர் ஓவரு. அர அவரு வேல."

"அப்போ செஞ்சுடுங்களேன்!"

"ஆர்டர் வேணும் சாரு. கெவுருமென்ட்டு பைப்பு. அறுத்தா டேமேஜு, டேமேஜுன்னா மெமோ."

ஆர்டர்தானே என்று ஸ்ரீரங்கன் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். முதலில் கிழக்கு அலுவலகம். ராம்குமார் மரியாதையான பிள்ளை, எழுந்து நின்று பேசினார்.

"சார், எங்க வாய் ரெடியா திறந்திருக்கு. அவங்க வாலைக் கொண்டுவந்து விட்டா நாங்க வேண்டாம்னா சொல்லப்போறோம்?"

மேற்கு அலுவலகத்தில் கனகராஜ் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் போட்டு, வருகிறவர்களைக் கோணலாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தத் திசையில் உட்கார்ந்தால் பதவி உயர்வாம்.

"எங்க வாயும் திறந்துதானே இருக்கு? அவங்க வாலைக் குடுக்கட்டும்" என்றார்.

"அவாகிட்டயும் வால் இல்லையே சார். ஒரு குழாயோட வாயை அறுத்துட்டு நடுவுல வெச்சா..."

"சார், ஸ்டோர்ஸ் பட்டியல்ல ஆறு அங்குலக் குழாய் இருக்கு, ஒன்பது அங்குலக் குழாய் இருக்கு. வாயில்லாத குழாய்னு ஒண்ணு இல்ல. இல்லாத பொருளுக்கு நான் எப்படி இண்டென்ட் போடுவேன்?"

"இருக்கிறதை அறுத்துண்டா?"

"அறுத்தா அது உடைஞ்ச குழாய். உடைஞ்ச குழாயைப் பதிக்கக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு."

ஸ்ரீரங்கனுக்குக் கோபம் வரவில்லை. மரியாதைதான் வந்தது. இதைவிட நோஞ்சானான வாதங்களை வைத்துக்கொண்டு அவரே முப்பத்தோரு வருஷம் பல கோப்புகளை மூடியிருக்கிறார்.

வந்த இடத்தில், ஏழாம் எண் ஆல்பத்திலிருந்து ஒரு நாளாவது தப்பிக்கலாமே என்று, "சார், இங்கே கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"பூட்டிட்டோம். ஈசான்ய மூலையில இருந்துச்சு. எதிர்ல டீக்கடைக்காரர் நல்லவர். நாங்களே அங்கேதான் போறோம்."

ஸ்ரீரங்கன் எழுதினார். வாரியத் தலைவருக்கு எழுதினார், நகல் மூவருக்கு. நினைவூட்டல் எழுதினார். நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினார். ஐந்தாவது வாரம் இரண்டு அலுவலகங்களும் கூட்டுத் தணிக்கைக்கு வந்தன. கிழக்கு ஆட்கள் பள்ளத்தின் கிழக்கே நின்றார்கள், மேற்கு ஆட்கள் மேற்கே நின்றார்கள், டேப்பின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அறிக்கையின் பிரதி ஒன்று ஸ்ரீரங்கனுக்கும் வந்தது. 'மேற்படி இடத்தில் ஒன்றரை அடி இடைவெளி இருப்பது கூட்டாக உறுதி செய்யப்பட்டது. இடைவெளி நல்ல நிலையில் உள்ளது.'

அன்று சாயங்காலம் ஜானுவுக்குப் போன் போட்டார். "அறிக்கை வந்துடுத்து" என்றார். "தண்ணி போறதா?" என்று கேட்டாள். போகவில்லை என்றார். போனை வைத்துவிட்டாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹபீபுர் ரஹ்மான் ஒரு சாக்குப் பையோடு வந்து நின்றார். உள்ளே ரம்பமும் உளியும் சணலும் சிமெண்டும் இருந்தன. தோளில் ஒரு குழாய்.

"ஆர்டர் வந்துடுத்தா மேஸ்திரி?"

"ஆர்டராவது ஒண்ணாவது. இது எங்க மச்சான் வூட்டு வேலைல மீந்த பைப்பு, கெவுருமென்ட்டு இல்ல. தெருவுல போறவன்லாம் 'இன்னா பாய், ரெண்டு பைப்ப ஒட்டத் தெரியாதா உனக்கு'ன்றான். இருவது வருசமா நம்ம ஜாயின்ட்டு ஒண்ணு ஒழுகுச்சுன்னு எவனாவது சொல்லிக்கீறானா? மானம் போவுது சாரு."

சொன்னபடியே அரைமணி நேரம். குழாயின் வாயை அறுத்தார், இரண்டு பக்கமும் செருகினார். சணலை உளியால் தட்டித் தட்டி இறக்கினார். சிமெண்டைக் குழைத்து மோதிரம் மாதிரி சுற்றிலும் வழித்துவிட்டார். சாயங்காலம் அது இறுகினதும், பள்ளத்தை மூடுமுன், ஸ்ரீரங்கன் தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்து ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். வாசலுக்கு ஓடி வந்து பள்ளத்துக்குள் குனிந்து காதை வைத்துக் கேட்டார். மேற்கிலிருந்து கிழக்கே சலசலவென்று போயிற்று. மார்கழி சீசனில் முன்வரிசையில் உட்கார்ந்துகூட அவர் அப்படித் தலையாட்டியது கிடையாது.

"ஒரே கண்டிசன் சாரு. யாராண்டையும் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன். பெருமாள் சத்தியம்."

ஜானு திங்கட்கிழமை வந்து சேர்ந்தாள். வந்ததும் நேரே உள்ளே போனாள், முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தாள். தெருவே கல்யாண வீடு மாதிரி ஆயிற்று. இவ்வளவு நல்ல காரியம் நடந்திருக்கும்போது சும்மா இருப்பது ஸ்ரீரங்கனுக்கு மனசாட்சிக்கு விரோதமாகப் பட்டது. சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தோம், எழுதமாட்டேன் என்று செய்யவில்லையே என்று செவ்வாய்க்கிழமை பேனாவை எடுத்தார்.

"என்ன எழுதறேள்?" என்றாள் ஜானு.

"பாராட்டுக் கடிதம்தான். குறை சொல்ல மட்டும் எழுதினா நன்னாவா இருக்கு?"

'தங்கள் ஊழியர் திரு. ஹபீபுர் ரஹ்மான், எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல், விடுமுறை நாளன்று, தன் சொந்தக் குழாயைக் கொண்டு' என்று கடிதம் அற்புதமாக ஆரம்பித்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவராக நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள், அவரவர் பழைய உத்தியோகத்தையும் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டார்கள். முதல் கையெழுத்து யாருடையது என்று ஏழாம் எண்ணுக்கும் பதினாலாம் எண்ணுக்கும் சண்டைகூட வந்தது. நகல் மூவருக்கு.

வெள்ளிக்கிழமை பதில் வந்துவிட்டது. ஸ்ரீரங்கனின் வாழ்நாளில் மூன்று நாளில் வந்த முதல் பதில். வாசலிலேயே நின்று பிரித்தார்.

'பார்வையில் கண்ட தங்கள் கடிதத்தின் மூலம், கூட்டுத் தணிக்கையில் உறுதி செய்யப்பட்ட இடைவெளி அனுமதியின்றி அகற்றப்பட்டிருப்பதை உரிய சாட்சிகளுடன் வாரியத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்கு நன்றி. இடைவெளியை மீட்க உடனடி நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.'

வாசலில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. மேற்பார்வைக்கு யாரும் வரவில்லை, இரண்டு அலுவலகமும் ஆளுக்கொரு உத்தரவை மட்டும் அனுப்பியிருந்தன. இடிப்பவர் ஹபீபுர் ரஹ்மான்தான். அவர் போட்ட ஜாயின்ட்டை அவரே இடிக்க வேண்டும் என்று உத்தரவு. ஆனால் ஜாயின்ட்டு அசையவில்லை. அடித்த அடியில் அதற்கு இரண்டு பக்கமும் இருந்த குழாய்கள்தான் தூள்தூளாகப் போயின. ஒன்றரை அடி இப்போது ஐந்தரை அடி ஆயிற்று.

"மேஸ்திரி, உங்களுக்கு ஏதாவது..."

"ரெண்டும் வந்துச்சு சாரு. அறுத்ததுக்கு மெமோ. பொதுமக்கள் பாராட்டுனா சர்வீஸ் புக்ல ஏத்தணுமாம், அதுக்கு ஒரு சர்டிபிகேட்டு. ஒரே கவரு." அவர் சிரித்துவிட்டார். பிறகு நெற்றியைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். நாற்பத்திரண்டு பேரும் பள்ளத்தைச் சுற்றித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஜானு வாசலில் ஓர் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தாள். நல்லவேளையாகப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, வுடு. இந்த ஞாயித்துக்கெயம வந்து மறுபடி ஒட்டிர்றேன். மச்சான் வூட்ல இன்னும் நாலு பைப்பு கீது."

தெரு முழுவதும் முகம் மலர்ந்தது. ஸ்ரீரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம் மேஸ்திரி. இதை ஒரு வரி, எழுத்துமூலமாக் கொடுத்துட முடியுமா?"

அதுதான் முறை என்று நாற்பத்தோரு பேரும் தலையாட்டினார்கள். ஜானு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.