ஆழமாகப் பார்ப்பவர்

வேலை செய்கிற மனிதர்கள் உண்டு, சும்மா இருக்கிற மனிதர்கள் உண்டு. இந்த இரண்டிலும் சேராமல் ஆழமாகப் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். "மழை வரும் போலிருக்கே" என்று சொன்னால் நீங்களும் நானும் மொட்டை மாடிக்கு ஓடுவோம், துணியை எடுக்க. அவர் ஓட மாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு, "மழை வருதா, இல்ல நாம அதை நோக்கிப் போறோமா?" என்று கேட்பார். துணி நனையும். யார் துவைத்த துணி? அதை ஏன் கேட்கிறீர்கள்!

எனக்குத் தெரிந்த ஆழமானவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். கல்லூரியில் அவர் நடத்தியது வணிகவியல். ஓய்வு பெற்ற பிறகுதான் வாழ்க்கை அவர் கையில் வசமாக மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் அவரையும் சேர்த்து எட்டுப் பேர் கூடுவார்கள். முதலில் இலக்கியம், அடுத்து தத்துவம், கடைசியில் மனித வாழ்வின் பொருள். முதல் இரண்டும் முடியவே ஏழு மணியாகிவிடும் என்பதால் பொருள் மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகும். இரண்டு வருடமாகத் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது.

அவருடைய புத்தக அலமாரியைப் பார்த்தால் மலைத்துப்போவீர்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் அடையாளச் சீட்டு நீட்டிக்கொண்டிருக்கும். எடுத்துப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஒரு சீட்டும் முப்பதாம் பக்கத்தைத் தாண்டியிருக்காது. "தெரியாது" என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது. "அது திறந்த கேள்வி" என்பார். "ஆமாம்" என்றும் சொல்ல மாட்டார். "ஒரு வகையில்" என்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும் ஒரு வகையில்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. 'நிலைமை வைப்பது' என்று அதற்குப் பெயர். வாரம் ஒருவர், யோசிக்க வைக்கிற மாதிரி ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். படகு கவிழ்கிறது, இரண்டு பேர் மூழ்குகிறார்கள், ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும், யாரை? இப்படி. இரண்டு வருடத்தில் அந்தக் கூடத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் மூழ்கியிருக்கிறார்கள். ஒருவரும் கரை சேரவில்லை. வைக்கிறவர் 'நான்' என்று சொல்லக் கூடாது, 'ஒருத்தர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்பது விதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிழை திருத்துபவரின் முறை. ஓர் அச்சகத்தில் இருபது வருடமாகப் பக்கம் பக்கமாகப் பிழை பார்க்கிறவர். கூட்டத்தில் வாயே திறக்காதவர். அவர் மனைவிக்கு மறுநாள் காலை வயிற்றில் ஆபரேஷன். ஒன்பது மணிக்குள் இரண்டு பேர் ரத்தம் கொடுத்தாக வேண்டும், எந்த வகையானாலும் சரி, இல்லையென்றால் தேதி தள்ளிப்போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தள்ளிப்போகவே கூடாது என்று டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இவருக்குச் சர்க்கரை நோய் முற்றி ஊசி போட்டுக்கொள்கிறார். இவர் ரத்தம் ஆகாது. சொந்தக்காரர்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் வாரா வாரம் மனிதநேயத்தைப் பிழிந்து பிழிந்து பேசுகிற ஏழு பேர் இருக்கிறார்களே! அது போதாதா? பஸ்ஸில் வரும்போதே எப்படிக் கேட்பது என்று நூறு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அச்சான தாளில் தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் குறித்தால் தீர்ந்தது. ஆட்களிடம் கேட்பதென்றால் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. எழுந்து நின்றார். 'என் சம்சாரம்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. கூட்டத்து வழக்கம் கைகொடுத்தது.

"ஒருத்தர்... அவரோட சம்சாரம் ஆஸ்பத்திரியில இருக்காங்க. நாளைக்குக் காலையில ஆபரேஷன். ஒன்பது மணிக்குள்ள ரெண்டு பேர் ரத்தம் குடுக்கணும். அவருக்கு வேற நாதி இல்ல. தெரிஞ்சவங்க ஏழு பேரு ஒரு ரூம்ல இருக்காங்க..."

உட்கார்ந்துவிட்டார். ஆழமானவர் கண்ணாடியை மெதுவாக நெற்றிக்கு ஏற்றினார்.

"அபாரம்!" என்றார். "ரெண்டு வருஷத்துல இப்படி ஒரு நிலைமை வரல."

பல் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அந்த ஏழு பேரும் அவருக்கு நண்பர்களா, வெறும் தெரிஞ்சவங்களா? அது முக்கியம் சார்."

"அதுதான் சார் எனக்கும் தெரியல" என்றார் பிழை திருத்துபவர்.

எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள்.

"கேட்டுக் குடுக்கிறது கொடையே இல்ல" என்றார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். "கேக்காம குடுக்கணும்."

"அப்ப அந்த மனுஷன் கேக்கவே கூடாதா?" என்றார் பிழை திருத்துபவர்.

"கேட்டா அதோட அழகு போயிடும்."

வரி அலுவலகத்திலிருந்து வருகிறவர் கையைத் தூக்கினார். "அந்தம்மாவுக்கு என்ன வயசு?"

"அம்பத்திரண்டு."

"இருபத்திரண்டுன்னு வச்சுக்கலாமே. கேள்வி இன்னும் கூர்மையா இருக்கும்."

"வயசை மாத்த முடியாதுங்க சார்." பிழை திருத்துபவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அது... எங்க வீட்டுலதான்."

ஆழமானவர் செல்லமாக விரலை ஆட்டினார். "விதி, விதி! ஒருத்தர்னுதான் சொல்லணும். ஆனா பாருங்க, சொந்தக் கஷ்டம் மாதிரியே சொல்றார். அதுதான் கலை!"

அதற்கு மேல் பிழை திருத்துபவர் என்ன சொல்ல முடியும்? மழையில் நின்றுகொண்டு 'நான் நனைகிறேன்' என்று கத்தினாலும் 'என்ன ஓர் உவமை!' என்று கைதட்டுகிறவர்களிடம் மேற்கொண்டு என்னதான் சொல்வது? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐந்து மணிக்கு, உடம்பு நம்முடையதுதானா என்று ஆராய்ந்தார்கள். ஐந்தரைக்கு, பிழைத்துக்கொள்கிறவள் கொடுத்தவனுக்குக் கடன்பட்டவளா என்று மோதிக்கொண்டார்கள். ஆறு மணிக்கு எல்லோரும் மரணத்தைப் பற்றிப் பேசினார்கள், ரொம்ப அழகாக. ஆறரைக்குக் கை தூக்கினார்கள். 'கொடுக்க வேண்டும்' என்று ஐந்து கைகள். 'கட்டாயமில்லை' என்று ஒரு கை. ஆழமானவர் எந்தப் பக்கமும் தூக்கவில்லை. அவ்வளவு ஆழத்திலிருந்து கை மேலே வராது. கொடுக்க வேண்டும் என்பது முடிவாயிற்று. கைதட்டினார்கள். யாரும் கொடுக்கப் புறப்படவில்லை.

அப்போதுதான் ஆழமானவரின் மனைவி தட்டோடு டீக் கோப்பைகளை எடுக்க வந்தார். மூன்று தடவை வந்து போனவர்தான். அவர் வந்ததை யாரும் கவனிக்கவில்லை, அவர் கவனித்திருந்தார். ஒரு கோப்பை மட்டும் ஆடை படிந்து அப்படியே இருந்தது.

"டீ குடிக்கலியா அண்ணா?"

"மறந்துட்டேம்மா."

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னார்.

"எத்தனை மணிக்கு வரணும்?"

"எட்டு மணிக்கு வந்தாப் போதும்."

"வெறும் வயித்துலயா, சாப்பிட்டுட்டா?"

"சாப்பிட்டுட்டு வரச் சொன்னாங்க."

அந்த அம்மா தட்டை மேசை மேல் வைத்துவிட்டு, அங்கேயே நின்று தன் தம்பிக்குப் போன் போட்டார். "டேய், நாளைக்கு லீவு போடு. ரத்தம் குடுக்கணும். யாருக்கா? வந்து பாத்துத் தெரிஞ்சுக்க. நானும் வர்றேன். ஏழரைக்கெல்லாம் இங்க இருக்கணும், நல்லா சாப்பிட்டுட்டு வா." ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

பிழை திருத்துபவர் எழுந்து நின்றார். ஆறிப்போன டீயை எடுத்து ஆடையோடு ஒரே மூச்சில் குடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆழமானவர் உள்ளே போகும் மனைவியைப் பார்த்தார். கண்ணாடியைக் கீழே இறக்கினார். மற்றவர்கள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, இரக்கத்தோடு சொன்னார்:

"பாவம், அவளுக்குக் கேள்வியே புரியல."

எல்லோரும் தலையாட்டினார்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரு விஷயம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் மனசில் முதலில் என்ன ஓடியது? பிழை திருத்துபவரின் மனைவிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்கத் தோன்றியிருந்தால், முடிந்தது, தையல் பிரித்து வீட்டுக்கு வந்தாயிற்று, நீங்களும் பிழைத்தீர்கள். இல்லை, இதில் ரத்தம் எதைக் குறிக்கிறது என்று யோசனை ஓடியதா? அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அந்தக் கூடத்துக்குப் போங்கள். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. பிழை திருத்துபவர் இப்போதெல்லாம் வருவதில்லை.