"போயிட்டு வரேன்" என்றதால் வந்த வினை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். அங்கே நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லையென்றால் உன் அம்மா இதற்குள் நாலு முறை போன் செய்திருப்பாள். இதைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கைபேசியில் தட்டச்சு செய்தால் நான் நினைத்ததை விட்டுவிட்டு அது நினைத்ததை எழுதுகிறது. கடிதம் நீளும் போலத் தெரிவதால், நீ வேலைக்கு நடுவே படிக்கச் சௌகரியமாக, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. பருவத் தேர்வு முடிந்தது. தேறிவிட்டேன் என்கிறார்கள். எனக்கு இன்னும் சந்தேகம்தான்.
2. எல்லோரிடமும் விடை கேட்டேன். யாரும் தரவில்லை.
3. என் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சால் ஓர் அக்காவுக்கும் தங்கைக்கும் மனத்தாங்கல்.
4. அதை நானே சரிசெய்துவிட்டேன்.
5. ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு உன் சின்ன வண்டியே போதும். ஆள் ஒன்று, பெட்டி ஒன்று.

முதல் குறிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வாழ்நாள் முழுக்கக் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோதெல்லாம் பாறை குறுக்கே வந்ததே தவிர, அந்தப் பாறை எப்படி வந்தது என்று நான் யோசித்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு நான் உன் அம்மாவுக்குக் குறுக்கே வர ஆரம்பித்தேன். அதனால்தான் நீ என் பெயரில் இந்தப் பாறையியல் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாய் என்று எனக்குத் தெரியும். ஒரு பருவம்தானே என்று இந்த வெளிநாட்டுக்கு வந்தேன். முதல் நாள் வகுப்பில் எல்லோரும் என்னை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். நான் பின்வரிசையில் போய் உட்கார்ந்ததும் அவர்களும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு நன்றாகத்தான் போனது.

வம்பு விடைபெறுவதில் வந்தது. இந்த ஊர் மொழியில் அதற்கு நாலைந்து சொல் இருக்கிறது. எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது "நான் போகிறேன்" என்பதுதான். கண்ணாடி முன் நின்று பழகினேன். வாய் வரவில்லை. நம் வீட்டில் நான் கடைக்குக் கிளம்பும்போது தவறிப்போய் "போறேன்" என்று சொல்லிவிட்டால், உன் அம்மா திரும்ப உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்று திருத்தித்தானே அனுப்புவாள்? அத்தனை வருடம் திருந்திய வாய் இங்கே மட்டும் எப்படிக் கெட்டுப்போகும்? ஆகவே அகராதியைப் பார்த்து, இலக்கணம் சரிபார்த்து, "போய்விட்டுத் திரும்பி வருகிறேன்" என்று இவர்கள் மொழியில் பிழையில்லாமல் ஒரு வாக்கியம் தயாரித்தேன். பிழை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்துவிட்டது.

நூலகர் அம்மாவிடம் போய் அட்டையை நீட்டி வாக்கியத்தைச் சொன்னேன். திரும்பி வருவதென்றால் அட்டை எதற்கு என்று என்னிடமே கொடுத்துவிட்டு, நான் பாதி படித்த புத்தகத்தை வேறு யாரும் எடுக்காதபடி உள்ளே வைத்தார். பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கையைக் குலுக்கிவிட்டு அடுத்த பருவத்து மலைப் பயணத்துக்கு என் பெயரை எழுதிக்கொண்டார். பேருந்தில் ஜன்னல் ஓரம் வேண்டுமா என்று கேட்டார். எனக்கு மறுக்கத் தெரியாதது உனக்குத் தெரியும். ஜன்னல் ஓரம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆய்வுக்கூடத்தில் இருவருக்கு ஒரு மேசை. என் மேசையைப் பகிர்ந்துகொண்ட பெண்ணை மனதுக்குள் பங்காளி என்றுதான் அழைப்பேன். ஆனால் நம் பங்காளிகளைப் போல இல்லை, பருவம் முழுக்க ஓர் எல்லைத் தகராறு கிடையாது. அவளும் மற்றவர்களும் எனக்கு ஒரு தேநீர் விருந்து வைப்பதாக இருந்தார்களாம். நான் வாக்கியத்தைச் சொன்னதும், "அப்ப வந்தப்புறமே வச்சுக்கலாம்" என்று கலைந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், யாராவது ஒருவர் கொஞ்சம் கண் கலங்குவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அதற்கென்று கைக்குட்டை கூடத் துவைத்து வைத்திருந்தேன், அவர்களுக்குக் கொடுப்பதற்காக.

இவையெல்லாம் போகட்டும். வீட்டுக்கார அம்மா விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் இருக்கும் கீழ்த்தள அறை, நான் போனதும் அவருடைய அக்காவுக்கு என்று முன்பே பேச்சு. அக்கா வேறு ஊரில் நாலாவது மாடியில் குடியிருக்கிறார். மின்தூக்கி கிடையாது, முழங்கால் வேறு வீங்கிவிட்டது. நான் வாக்கியத்தைச் சொன்ன அன்றே வீட்டுக்கார அம்மா தொலைபேசியை எடுத்து, பெரியவர் திரும்பி வருகிறாராம், அறை காலி இல்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். நான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த முனையில் அழும் சத்தம் கேட்டது. கல்லூரியில் நான் படி ஏறும்போதெல்லாம் அந்த அம்மாவின் முழங்காலில் ஏறுவது போலவே இருந்தது.

ஆயிரம் தடவை ஒத்திகை பார்த்துவிட்டு நேற்றுக் காலை சமையலறைக்குப் போனேன். அவர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். பேசியதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"அம்மா, நான் திரும்பி வரப்போறதில்ல. அது எங்க ஊர்ல சொல்ற ஒரு பேச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"கம்பளிச் சட்டையக்கூட விடாம பெட்டியில வச்சிருக்கீங்க. திரும்பி வர்றவரு அதை ஏன் சுமக்கணும்?"

"அப்புறம் ஏன் அக்காகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன். நானா ஒரு வார்த்தை சேர்க்கல."

அக்கா வந்தால் மூன்றாம் நாள் இந்த வீட்டில் ஒரு டப்பா வைத்த இடத்தில் இருக்காதாம். சின்ன வயதிலேயே இவருடைய உடுப்புகளை மடித்துத் தன் அலமாரியில் வைத்துக்கொள்வாராம். இவர் கேட்டால், "உனக்கு ஒழுங்கா வச்சுக்கத் தெரியாது" என்பாராம். இதெல்லாம் நியாயமான மனக்குறைதான். ஆனாலும் நான், என் குரல் எனக்கே கேட்காத அளவில், "அவங்களால படி ஏற முடியலையேம்மா" என்றேன். அவர் ஒரே தட்டை வெகுநேரம் கழுவினார். பிறகு, "முடியலதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய் அக்காவை அழைத்து, அறை உனக்குத்தான், சனிக்கிழமை வா என்றார். வந்த பதில் எனக்குப் புரியவில்லை. ஆனால் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு என்னிடம், அது என்ன அப்படிப்பட்ட பேச்சு, உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள் என்றார். "போயிட்டு வரேன்" என்றேன். நாலைந்து முறை சொல்லவைத்து நன்றாகப் பழகிக்கொண்டார். போகிறவர் வராவிட்டாலும் அப்படிச் சொல்வது நல்ல வழக்கம் என்று பாராட்டினார். இத்தனை வயதில் ஒரு காரியத்தை நானே தொடங்கி நானே முடித்தேன் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமைதான். இதை அம்மாவிடம் நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன்; நீ முந்திக்கொள்ளாதே.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல், முக்கியமாக ஒருவர் டப்பாவை ஒருவர் இடம் மாற்றாமல், நீடூழி வாழ வேண்டும். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: படம் எடுப்பதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நான் குளித்துக்கொண்டிருந்தபோது உன் அம்மா வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்திருக்கிறாள். வீட்டுக்கார அம்மா எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழைச் சொல்லியிருக்கிறார்: "போயிட்டு வரேன்." வருகிறேன் என்று யார் சொன்னாலும் உன் அம்மாவின் வாயில் என்ன வரும் என்று உனக்குத் தெரியாதா? "வாங்க, வாங்க" என்றிருக்கிறாள்.

நான் துண்டோடு வெளியே வந்ததும், அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். ஒருமுறை மொழிபெயர்த்துப் பட்டது போதும், இம்முறை பிசகவே கூடாது என்று கவனமாகச் சொன்னேன்: ஒருவரை மரியாதையோடு தம் வீட்டுக்கு வரச் சொல்வது. "ரெண்டு தடவை சொன்னாங்களே?" என்றார். மனதார அழைத்தால் இரண்டு முறை சொல்வதுண்டு என்றேன். அவர் உள்ளே போய் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினார்.

பதறிப்போய் உன் அம்மாவை அழைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவள் சொன்னது இது: "வாங்கன்னு சொன்ன வாயால வராதீங்கன்னு சொல்லச் சொல்றீங்களா? அந்தம்மாவுக்குக் கட்டில் வேணுமா, பாயே போதுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

கட்டில் வேண்டுமாம். எத்தனை நாள் தங்குவார் என்றும் கேட்டேன். அக்கா எல்லா டப்பாவையும் இடம் மாற்றி முடிக்கிறவரை என்றார். என் விமானத்திலேயே இடம் கிடைத்துவிட்டது.

ஆகவே ஐந்தாவது குறிப்பு தவறு. பெரிய வண்டியாகக் கொண்டு வா.