தொண்டை கட்டிய கொக்கு

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு வீடியோ அழைப்பில், "எஸ்ப்பா, ஓகேப்பா, ஃபைன்ப்பா" என்று கையிருப்பில் இருந்த ஆங்கிலத்தை வைத்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான், பள்ளியில் ரேடியோ என்று பெயரெடுத்த பையன். அப்போது பார்த்துக் குளியலறையிலிருந்து இடுப்பில் துண்டோடு வந்த அவனுடைய அறைத்தோழன், திரைக்குள் தலையை நீட்டினான்.

"வணக்கம் மாமா. கடையில வியாபாரம் எப்படிப் போகுது? ஆளு இளைச்சுட்டீங்களே."

திரையில் அப்பாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. இணைப்பு அறுந்துபோயிருக்க வேண்டும் என்று ரேடியோ உள்ளுக்குள் வேண்டிக்கொண்டான். அறுந்துபோகவில்லை.

"யாருடா அது? வெள்ளக்காரப் பையன் மாதிரி இருக்கான்?"

"வெள்ளக்காரன்தாம்ப்பா. ரூம்மேட்டு. சும்மா ரெண்டு வார்த்த தமிழ் தெரியும் அவனுக்கு."

"ரெண்டு வார்த்தையா?" என்றான் அந்தத் தோழன். "நேத்து ராத்திரி ஃபுல்லா உன் அத்தை கல்யாணத்துல நடந்த சண்டையப் பத்தி யாருகிட்டடா பேசிட்டிருந்த, சுவத்துகிட்டயா?"

அப்பா டைல்ஸ் கடை முதலாளி. ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

"சனிக்கிழம உங்க ஸ்கூல்ல பெத்தவங்க வர்ற நாள்தானே," என்றார். "வரேன். உன் இங்கிலீஷக் கேக்கணும். அது சரியில்லைன்னா அன்னிக்கே பெட்டியக் கட்டு. பெரியப்பா டுடோரியல்ல ஒரு பெஞ்சு காலியா இருக்காம்."

பெரியப்பா டுடோரியல் என்றால் படிப்பது பெரியப்பாவிடம், சாப்பிடுவது பெரியப்பாவோடு, தூங்குவது பெரியப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில். 

அது சர்வதேச உறைவிடப் பள்ளி. ஒரே நாட்டுக்காரர்கள் இருவரை ஓர் அறையில் போடவே கூடாது என்பது அங்கே சட்டம். ஆளுக்கொரு நாட்டுக்காரராகச் சேர்த்து அடைத்துவிட்டால், வேறு வழியில்லாமல் ஒரு பொது மொழியில் பேசித்தானே ஆக வேண்டும் என்பது பள்ளியின் தத்துவம். தத்துவத்தில் குறையில்லை. பொது மொழி உருவாகத்தான் செய்தது. ரேடியோவைப் போன்ற ஒரு வாய் உள்ளே வரும் என்று பள்ளிதான் எதிர்பார்க்கவில்லை.

காரணமில்லாமலா அவனுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள்? பல் துலக்கும்போதும் பேசுவான். பனி கொட்டும் ஏதோ ஒரு மலை நாட்டிலிருந்து, எந்த மொழியும் புரியாமல், கட்டில் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இந்த நெட்டை அறைத்தோழனுக்குக் கொக்கு என்று பெயர் வைத்ததும் அவன்தான். கேட்க ஒரு காது கிடைத்த சந்தோஷத்தில் ரேடியோ பேசினான், பேசினான், பேசிக்கொண்டே இருந்தான். கொக்கு முதலில் சிரித்தான், பிறகு தலையாட்டினான், பிறகு "போடா" என்றான். அதற்கப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. பக்கத்து அறைகளிலிருந்தும் பல தேசத்துப் பிள்ளைகள் கதை கேட்க வந்து உட்கார்ந்தார்கள்.

"ஒரு வாரம் இருக்கு," என்றான் ரேடியோ. "சனிக்கிழம எங்கப்பா முன்னாடி நீ என்கிட்ட இங்கிலீஷ்ல பேசுற."

"தெரிஞ்சா பேச மாட்டேனா?"

"கிளாஸ்ல இத்தன நாளா என்னத்தடா கத்துக்கிட்ட?"

"நீ பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருந்தா என்னத்தக் கத்துக்கறது?"

நியாயமான கேள்விதான். கடைசியில் கொக்குக்குத் தொண்டை கட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. வாயைத் திறக்கக்கூடாது, அறையை விட்டு நகரக்கூடாது. இந்த ஏற்பாட்டுக்குக் கொக்கு உடனே சம்மதித்ததோடு, "நாள் முழுக்க ரூமுலயே கெடக்கறேன், கதவையும் சாத்திடு" என்று தானாகவே சேர்த்துச் சொன்னான். நண்பன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ரேடியோ உருகிப்போனான்.

அவனுடைய சொந்த ஆங்கிலத்துக்கு என்ன செய்வது? அறைக் கதவின் உட்புறம் தீ பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு ஒட்டியிருந்தது. தினமும் அதைப் பார்த்தபடியேதான் ரேடியோ பேன்ட் மாட்டுவான். அதையே நெட்டுருப் போட்டு, மூக்கு வழியாகச் சொல்லிப் பழகினான். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது; ஆனால் எது நல்ல ஆங்கிலம் என்பது தெரியும். வேகமாகவும், வாயை முழுதாகத் திறக்காமலும் பேசினால் அது நல்ல ஆங்கிலம்.

சனிக்கிழமை அப்பா வந்தார். புதுச் சட்டை, சென்ட் வாசனை. முதலில் குனிந்து தரையை விரலால் தட்டிப் பார்த்து, "பதிச்சவன் ஏமாத்திருக்கான்" என்றார். பிறகு கழுத்தில் கம்பளித் துண்டோடு படுத்திருந்த கொக்கைப் பார்த்தார்.

"என்னடா இவனுக்கு?"

"தொண்ட கட்டிக்கிச்சுப்பா. பேசவே முடியல."

"அடப் பாவமே. நீ அவனுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்த ஆறுதலாச் சொல்லு. நானும் கேக்கறேன்."

ரேடியோ கட்டிலில் உட்கார்ந்து, கொக்கின் கையைப் பிடித்துக்கொண்டான். குரலைக் குழைத்தான்.

"இன் கேஸ் ஆஃப் ஃபயர், டூ நாட் யூஸ் த லிஃப்ட். பிரேக் த க்ளாஸ். ரிங் த அலாரம். வாக், டூ நாட் ரன்."

சிரிப்பை அடக்கியதில் கொக்கின் கண்ணில் நீர் முட்டியது. பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

"மனசத் தொடுற மாதிரி பேசுறடா. என்ன சொன்ன?"

"நட்பப் பத்திப்பா."

"இன்னொரு தடவ சொல்லு. கொஞ்சம் சத்தமா."

ரேடியோ இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். அந்த நேரம் பார்த்து வெளியே வராந்தாவில் வார்டன் போய்க்கொண்டிருந்தார். தூசியைப் பார்த்தாலே புகை என்று பதறுகிற மனிதர். அறைக்குள்ளிருந்து "ஃபயர்", "க்ளாஸ்", "அலாரம்" என்று வரிசையாக வந்ததுமே அவர் கதவைத் தட்டக்கூட நிற்கவில்லை. ஓடிப்போய் அபாய மணியின் கண்ணாடியை முழங்கையாலேயே உடைத்தார்.

கட்டடம் முழுக்க மணி அலறியது. வார்டன் ஒவ்வோர் அறையாகத் திறந்து எல்லாரையும் மைதானத்துக்கு விரட்டினார். தொண்டை கட்டியவன் என்ற சலுகை கொக்குக்கும் கிடைக்கவில்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டவனை அப்பாவும் வார்டனும் சேர்ந்து இழுத்து வர வேண்டியிருந்தது.

அவசரத்தில் மனிதனுக்கு எது நன்றாக வருமோ அதுதான் வாயில் வரும். மாடிப்படியில் அன்று அதுதான் நடந்தது.

"டேய், தள்ளாதீங்கடா. மாடா நானு?" என்றான் ஒரு செம்பட்டை முடிக்காரன்.

"யார்றா அது என் செருப்ப மாட்டிட்டுப் போறது?" என்றான் சுருட்டை முடிக்காரன் ஒருவன்.

"எரியட்டும் விடுங்கடா, திங்கக்கிழம பரீட்ச இருக்குல்ல," என்றான் சப்பை மூக்குக்காரன்.

அப்பா ஒவ்வொரு படியிலும் நின்று நின்று கேட்டுக்கொண்டே இறங்கினார். மைதானத்துக்கு வந்ததும் மகனைப் பார்த்தார்.

"இந்த ஸ்கூல்ல தொண்ட கட்டுனது இவன் ஒருத்தனுக்குத்தானா?"

ரேடியோ குனிந்து மைதானத்துப் புல்லை எண்ண ஆரம்பித்தான்.

"இம்போர்ட்டட் சரக்கு எடுத்துட்டு வாடான்னு அனுப்பினா, நம்ம சரக்க இங்க கடை விரிச்சு வித்திருக்க. போ, போய்ப் பெட்டியக் கட்டு."

அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த கொக்கு கழுத்துத் துண்டை அவிழ்த்தான்.

"மாமா, அவனக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. நான் வந்தப்போ என்னை ஏன்னு கேக்க இங்க ஒருத்தரும் இல்ல. இவன்தான் பேசினான். ஒண்ணும் புரியலதான், ஆனா யாரோ நம்மகிட்ட பேசுறாங்கன்னு மட்டும் புரிஞ்சுது. இவன் போயிட்டா நான் யாருகிட்ட போய்ப் பேசுவேன்?"

சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் நிஜமாகவே கட்டிக்கொண்டது.  அப்பா கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். ஆனால் வியாபாரி அல்லவா.

"நல்ல பையன்தான்ப்பா நீ. ஆனா இவன் இங்கிலீஷ் கத்துக்க வந்தவன். உன்னைப் பெத்தவங்களும் அதுக்குத்தான் அனுப்பியிருப்பாங்க. விஷயம் தெரிஞ்சா அவங்க வயிறு எரியாதா?"

 கொக்கின் பார்வை பெற்றோர் கூட்டத்தின் மேல் குத்திட்டு நின்றது. முகம் வெளுத்து, மெதுவாக ரேடியோவின் முதுகுக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தான். அவன் உயரத்துக்கு அது நடக்கிற காரியமா?

"என்னடா?" என்றான் ரேடியோ.

"எங்கம்மா. வராதன்னு எவ்வளவோ சொன்னேன்டா."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கொக்கின் அதே உயரத்தில் ஓர் அம்மாள் நேராக அவர்களை நோக்கி வந்தாள். கம்பளிக் கோட்டும் சிவந்த கன்னமுமாக வந்தவள், அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தட்டுத்தடுமாறாத தமிழில் சொன்னாள்:

"வாங்கண்ணே, உங்க புள்ள நல்லா இருக்கணும். அவன்கிட்ட கத்துக்கிட்டு வந்து எம்புள்ள லீவுல டியூஷன் எடுத்ததுல, இப்ப எங்க தெருவே இங்கிலீஷ்லதான் பேசுது."